கோடும் எழுத்தும்: ஷிங்கெலின் பயணச் சித்திரங்கள் பற்றிய சில சிந்தனைகள்

1

கட்டடக்கலைஞர் ஒருவர் பிறநாடு சென்று, அங்குள்ள கட்டடங்களைக் கண்டு வரைந்த சித்திரங்கள் பொதுவாக இரு வகையிலேயே மதிப்பிடப்படுகின்றன. அவற்றைக் கைத்திறனின் சான்றுகளாகக் கொண்டு, கோட்டின் நேர்த்தியையும் வண்ணத்தின் மென்மையையும் வியத்தல் ஒன்று. அக்கலைஞர் பின்னர் எழுப்பிய கட்டடங்களின் மூலங்களை அவற்றிலே தேடுதல் மற்றொன்று. இரண்டும் பயனுடைய முயற்சிகளே. ஆயின் இவ்விரு நெறிகளிலும் அடிப்படையான வினாவொன்று எழுப்பப்படாமலே போய்விடுகின்றது. கண்ணெதிரே நின்ற எண்ணற்ற பொருள்களுள் எவற்றை அக்கலைஞர் வரைந்தார், எவற்றை வரையாது விட்டார், அத்தெரிவை நிருணயித்த வரலாற்றுக் காரணிகள் யாவை என்பதே அவ்வினா.

பயணச் சித்திரம் விரைவிலே வரையப்படுவது; பெரும்பாலும் பிறர் பார்வைக்கென வரையப்படாதது. ஆகவே அது கலைஞனின் உள்ளத்தைக் கலப்பின்றிக் காட்டும் என்பர். இக்கூற்றிலே உண்மையுண்டு. ஆனால் அவ்வுள்ளமும் கண்ணும் ஒரு காலத்தினாலும், ஒரு கல்வி மரபினாலும், சமூகத்தில் ஒருவர் வகித்த நிலையினாலும் உருவாக்கப்பட்டவை என்பதை மறந்துவிடலாகாது. விரைவிலே வரையும்போது சிந்தித்துத் தெரிவு செய்ய நேரமில்லை; கை தான் பழகிய வழியிலே செல்கின்றது. ஆதலின் பழக்கத்தின் வலிமையையும், அப்பழக்கம் புதியதொரு பொருளின் முன் தடுமாறும் கணத்தையும் அறிய இத்தகைய சித்திரங்களினும் சிறந்த சான்றுகள் கிடைப்பது அரிது.

இதனை விளக்குவதற்கு மிகப் பொருத்தமான உதாரணமாக அமைபவர் ஜேர்மன் கட்டடக்கலைஞர் கார்ல் பிரீட்ரிக் ஷிங்கெல் ஆவார். 1781 இல் நொய்ருப்பின் என்னும் சிறுநகரிலே மதகுருவொருவரின் மகனாகப் பிறந்த அவர், 1841 இல் பேர்லினில் இறக்கும்போது பிரசிய அரசின் கட்டட நிருவாகத்தின் தலைமைப் பதவியை வகித்திருந்தார். அவர் விட்டுச்சென்ற பல்லாயிரம் தாள்கள் பேர்லின் நூதனசாலையின் சித்திரப் பிரிவிலே பேணப்பட்டு வருகின்றன. அவற்றுள் 1803 முதல் 1805 வரையான இத்தாலியப் பயணத்தின் சித்திரங்களையும், 1826 ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பயண நாட்குறிப்பிலுள்ள சித்திரங்களையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பதினெட்டாம் நூற்றாண்டிலே ஐரோப்பியப் பிரபு குலத்து இளைஞர்கள் தம் கல்வியை நிறைவு செய்யும் பொருட்டு இத்தாலிக்குச் செல்வது வழக்கமாயிருந்தது. உரோமின் இடிபாடுகளையும் மறுமலர்ச்சிக்கால மாளிகைகளையும் கண்டு வருதல் மேன்மக்களுக்குரிய பயிற்சியெனக் கருதப்பட்டது. நூற்றாண்டின் பிற்பகுதியிலே எழுச்சி பெற்ற நடுத்தர வர்க்கத்து அறிஞரும் கலைஞரும் இவ்வழக்கத்தைத் தமதாக்கிக்கொண்டனர். 1786 இல் இத்தாலி சென்ற கதே இம்மாற்றத்தின் முதன்மையான அடையாளமாவார். பிரபுவின் மகன் சிலைகளையும் ஓவியங்களையும் விலைக்கு வாங்கித் திரும்பினான்; நடுத்தர வர்க்கத்துக் கலைஞனோ தான் வரைந்த தாள்களுடன் திரும்பினான். அத்தாள்களே அவனது மூலதனம்.

ஷிங்கெல் 1803 இல், தம் இருபத்திரண்டாவது வயதிலே, ஷ்டைன்மையர் என்னும் நண்பருடன் புறப்பட்டார். திறெஸ்டன், பிராக், வியன்னா, திரியெஸ்டே வழியாக வெனிஸ், புளோரன்ஸ், உரோம், நேப்பிள்ஸ் ஆகிய நகரங்களைக் கண்டு, சிசிலித் தீவுக்கும் சென்று எற்னா எரிமலையின் மீது ஏறினார். பாரிஸ் வழியாக 1805 இல் நாடு திரும்பினார். பேனையாலும் பென்சிலாலும் வரைந்து, தூரிகையால் மெல்லிய நீர்வர்ணம் தீட்டப்பட்ட இப்பயணச் சித்திரங்களிலே ஒரு பொதுத்தன்மை உண்டு. கலைஞர் பெரும்பாலும் உயரமானதோர் இடத்திலே நின்று நோக்குகின்றார். கட்டடம் தனித்து நிற்பதில்லை. மலைச்சரிவு, மரக்கூட்டம், தொலைவிலே கடல், மேலே அகன்ற வானம் என விரியும் நிலக்காட்சியின் ஓர் உறுப்பாகவே அது அமைகின்றது. உரோம் நகரிலே பின்சியோ குன்றின் மீதிருந்த தம் இருப்பிடத்திலிருந்து நகரைப் பார்த்து அவர் வரைந்த சித்திரம் இதற்குச் சான்று.

அவர் தெரிந்தெடுத்த பொருள்களும் கவனத்திற்குரியவை. முன்னரே பலரும் அளந்து வரைந்திருந்த பழம்பெரும் சின்னங்களைக் காட்டிலும், அதிகம் அறியப்படாத கட்டடங்கள் அவரைக் கவர்ந்தன. வட இத்தாலியின் செங்கற் கட்டடங்களையும், சிசிலியிலே அரபு மரபும் கிறித்தவ மரபும் கலந்து எழுந்த கட்டடங்களையும் அவர் ஆர்வத்துடன் குறித்துக்கொண்டார். இவ்வகையில் அவர் தம் ஆசிரியர்களைக் கடந்து சென்றார் எனலாம்.

இச்சித்திரங்களிலே மனிதர் இல்லாமலில்லை. பாதையிலே செல்லும் குடியானவன், நிழலிலே அமர்ந்திருக்கும் இடையன் போன்ற சிற்றுருவங்களை இவ்வகை நிலக்காட்சிகளிலே காண்கின்றோம். ஆனால் இவ்வுருவங்களுக்கு மரபு விதித்த பணி இரண்டே: கட்டடத்தின் அளவைப் பார்ப்போர் உணருமாறு செய்தல்; காட்சிக்கு இனிமை சேர்த்தல். ஒரு கட்டடத்தை எழுப்பியவன் என்ற நிலையிலோ, அதனுள்ளே உழைப்பவன் என்ற நிலையிலோ மனிதனைக் காட்டுவதற்கு அம்மரபிலே இடமிருக்கவில்லை. இக்குறை ஷிங்கெலுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியக் கட்டடச் சித்திர மரபு முழுமைக்கும் பொதுவானது. இருப்பினும் இதனை நாம் மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் மான்செஸ்டரிலே இக்குறை வேறொரு பரிமாணத்தைப் பெறுகின்றது.

நாடு திரும்பிய கலைஞருக்குக் கட்டுவதற்கு எதுவுமிருக்கவில்லை. 1806 இல் பிரசியா நெப்போலியனிடம் படுதோல்வியுற்றது. பிரெஞ்சுப் படைகள் பேர்லினை ஆக்கிரமித்தன. அரச கருவூலம் வறண்டது. இக்காலத்திலே ஷிங்கெலின் பயணச் சித்திரங்கள் அவருக்கு வாழ்வளித்தன. சிசிலியிலுள்ள பலேர்மோ நகரின் வட்டக் காட்சியொன்றை 1808 இல் அவர் பேர்லினிலே தீட்டிக் காட்சிக்கு வைத்தார். நகரத்து மக்கள் கட்டணஞ் செலுத்தி, தாம் சென்றறியாத தென்னாட்டை அங்கே கண்டனர். மேட்டுக்குடியினரின் தனியுரிமையாயிருந்த பயணக் காட்சி இவ்வாறு நகரச் சந்தையிலே விற்கப்படும் பண்டமாயிற்று. இதே ஆண்டுகளிலே தான் வரைந்த கற்பனைச் சித்திரமொன்றிலே, சமவெளி நகரான மிலானின் பேராலயத்தைப் பெயர்த்தெடுத்துக் கடலோர நகரொன்றின் மேலுள்ள மேட்டிலே நிறுத்தினார். கண்டவற்றைக் கலைத்து மீண்டும் கோக்கும் உரிமையைக் கலைஞனுக்கு அவனது சித்திரத் தாள்கள் வழங்கின.

3

1826 ஆம் ஆண்டின் பயணம் முற்றிலும் வேறு சூழலிலே நிகழ்ந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளிலே பிரசிய சமூக அமைப்பிலே முக்கிய மாற்றங்கள் ஏற்பட்டிருந்தன. 1807 ஆம் ஆண்டுக் கட்டளை விவசாயிகளின் பரம்பரை அடிமைநிலையைச் சட்டத்தளவிலே ஒழித்தது. 1810 இல் தொழிற் சுதந்திரம் வழங்கப்பட்டுக் கைவினைச் சங்கங்களின் தனியாதிக்கம் தளர்த்தப்பட்டது. 1818 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் நாட்டை ஒரே சந்தையாக்க முனைந்தது. கீழிருந்து எழுந்த புரட்சியினால் பிரான்சு அடைந்த மாற்றங்களை, மேலிருந்து அதிகார வர்க்கத்தின் மூலம் அடையப் பிரசியா முயன்றது. அவ்வதிகார வர்க்கத்தின் மிகச் சிறந்த பிரதிநிதிகளுள் ஒருவராக 1810 முதல் அரச சேவையிலிருந்த ஷிங்கெல் விளங்கினார்.

அவருடன் பயணஞ் செய்த பீட்டர் பொயிட், பிரசிய அரசின் தொழில் வளர்ச்சித் துறைக்குத் தலைமை தாங்கியவர். பேர்லினிலே தொழில்நுட்பப் பாடசாலையொன்றை 1821 இல் தொடங்கியவரும் அவரே. அக்காலத்திலே இங்கிலாந்து தன் தொழில்நுட்ப மேன்மையைச் சட்டத்தாற் காத்துவந்தது. கைவினைஞர் வெளிநாடு செல்வதற்கிருந்த தடை 1824 இல் நீக்கப்பட்டதாயினும், இயந்திர ஏற்றுமதி 1843 இலேயே முழுமையாக அனுமதிக்கப்பட்டது. எனவே கண்ணாற் கண்டு, மனத்திலிருத்தி, இரவிலே தாளில் வரைந்து கொண்டுவரும் அறிவுக்குப் பொருளாதாரப் பெறுமதி இருந்தது. ஷிங்கெல் சென்றதன் முதற் காரணம், பேர்லினிலே தாம் எழுப்பிக்கொண்டிருந்த அரச நூதனசாலையின் பொருட்டு இலண்டன், பாரிஸ் நூதனசாலைகளை ஆராய்வதாகும். ஆனால் அவரது நாட்குறிப்பைப் புரட்டுபவர் அங்கே நூதனசாலைகளிலும் பார்க்கத் துறைமுகக் களஞ்சியங்களையும், பாலங்களையும், ஆலைகளையுமே மிகுதியாகக் காண்பர்.

சித்திரத்தின் வடிவமும் மாறிவிடுகின்றது. இத்தாலியிலே தாள் முழுவதும் விரிந்த நிலக்காட்சி, இங்கே நாட்குறிப்பின் எழுத்து வரிகளுக்கிடையிலே ஒடுங்குகின்றது. ஓரிடத்திலே கூரையொன்றின் குறுக்குவெட்டு. மற்றோரிடத்திலே வார்ப்பிரும்புத் தூணும் விட்டமும் சந்திக்கும் மூட்டு. வானமில்லை, மரமில்லை, வண்ணமும் அரிதே. பிரித்தானிய நூதனசாலையிலே அப்போது எழுந்துகொண்டிருந்த புதிய பகுதிக்குச் சென்றவர் அதன் இரும்பு விட்டங்களை வரைந்துகொண்டார். அவ்வாண்டு சனவரியிலே திறக்கப்பட்ட மெனாய் தொங்குபாலத்தை வேல்ஸ் நாட்டிலே கண்டார். தெல்போர்டு என்னும் பொறியியலாளர் அமைத்த அப்பாலத்தின் இரு கோபுரங்களுக்கிடையே 176 மீற்றர் நீளப் பாதை இரும்புச் சங்கிலிகளிலே தொங்கியது. இத்தகைய பொருள்களின் முன் பழைய நிலக்காட்சி மரபு போதாதாயிற்று. எவ்வாறு தோன்றுகின்றது என்ற வினாவின் இடத்தை, எவ்வாறு நிற்கின்றது என்ற வினா பிடித்துக்கொண்டது.

எனினும் பழைய கண் முற்றாக மறைந்துவிடவில்லை. ஸ்ரபோட்சயர் மாவட்டத்தின் மட்பாண்டத் தொழிற்பகுதியைக் கண்டபோது, கூம்பு வடிவச் சூளைகளும் புகையும் நிறைந்த அந்நகர்கள் அவருக்கு எகிப்தையும் கீழைத்தேசத்தையும் நினைவூட்டின. ஆலைகளின் புகைபோக்கிகளை எகிப்திய ஒற்றைக்கற் கம்பங்களாகவே அவர் குறித்தார். கண்ணெதிரே நின்றது புதியது. அதற்குரிய பெயர் இன்னும் பிறக்கவில்லை. கற்ற கல்வியிலிருந்த பழம்பெயரே கைகொடுத்தது.

4

அவ்வாண்டு யூலை மாதத்திலே ஷிங்கெல் மான்செஸ்டரை அடைந்தார். அன்கோட்ஸ் பகுதியிலே கால்வாய்க் கரையோரமாக எழுந்து நின்ற பருத்தி நூற்பாலைகளை அவர் வரைந்த சித்திரம் இன்று மிகவும் பெயர் பெற்றதாகும். ஏழெட்டு மாடி உயரமான கட்டடங்கள் நெடுஞ்சுவராக நீள்கின்றன. ஒரே அளவான சாளரங்கள் அடுக்கடுக்காக, இடையறாது தொடர்கின்றன. அணி வேலைப்பாடு எதுவுமில்லை. புகைபோக்கிகள் மேலெழுகின்றன. இவற்றைக் கண்டு அவர் அடைந்த அதிர்ச்சியை நாட்குறிப்பு ஒளிக்கவில்லை. போருக்குப் பின் நானூறு புதிய ஆலைகள் எழுந்துள்ளனவென்றும், மூன்றாண்டுகளுக்கு முன் புல்வெளியாயிருந்த இடங்களிலே நிற்கும் கட்டடங்கள் நூறாண்டுப் பழைமையுடையன போலப் புகையால் கறுத்துள்ளனவென்றும் அவர் எழுதினார். வெறுந் தேவையொன்றையே கருதி, கட்டடக்கலையின் தொடர்பேயின்றி, மேஸ்திரிமாரால் செங்கல்லிலே எழுப்பப்பட்ட இப்பெரும் பிண்டங்கள் அவருக்கு அச்சந்தரும் காட்சியாயின.

இதே நாட்களிலே தம் மனைவிக்கு எழுதிய கடிதத்திலே அவர் மேலுஞ் சில விடயங்களைக் குறிப்பிடுகின்றார். ஆலைகளுட் சில பேர்லின் அரண்மனையளவு பெரியவை. அவை உற்பத்தி செய்த பண்டங்களால் உலகம் நிரம்பி வழிகின்றது. அதன் விளைவாகப் பன்னீராயிரம் தொழிலாளர் வேலையிழந்து தெருவிலே நிற்கின்றனர். ஆறாயிரம் அயர்லாந்துத் தொழிலாளர் நகரத்தின் செலவிலே தம் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டனர். எஞ்சியோர் நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரம் உழைத்தும் வாரத்துக்கு இரண்டு சிலிங்கே பெறுகின்றனர். இந்நிலை எங்கே கொண்டுசென்று விடுமோ என்ற கவலை அங்கே பரவியிருந்தது.

இக்கூற்றுகளின் வரலாற்றுப் பின்னணி தெளிவானது. 1825 இன் இறுதியிலே இங்கிலாந்திலே வெடித்த பொருளாதார நெருக்கடியை, முதலாளித்துவத்தின் முதலாவது பொது நெருக்கடியென எங்கெல்ஸ் பின்னர் இனங்கண்டார். 1826 ஏப்ரலிலே லங்காசயர் மாவட்டத்து நெசவாளர் பசியால் எழுச்சியுற்று, தம் பிழைப்பைப் பறித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை உடைத்தெறிந்தனர். சட்டர்ட்டன் என்னும் ஊரிலே படையினர் சுட்டதில் அறுவர் மாண்டனர். ஷிங்கெல் அங்கு சென்றது அதற்குச் சில வாரங்களின் பின்னரேயாகும். உற்பத்திப் பெருக்கமே வறுமைக்குக் காரணமாகும் முரண்பாட்டை, பொருளியல் கற்காத பிரசிய அரச அலுவலர் ஒருவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்திலே நேர்மையாகப் பதிவு செய்திருப்பது வியப்புக்குரியது.

இனி, இக்கடிதத்தை ஒரு புறமும் அன்கோட்ஸ் சித்திரத்தை மறுபுறமும் வைத்து நோக்குவோம். கடிதத்திலே கூலியும் பட்டினியும் வேலையின்மையும் உள. சித்திரத்திலே சுவர் இருக்கின்றது, சாளரம் இருக்கின்றது, புகைபோக்கி இருக்கின்றது. சாளரங்களின் உள்ளே பதினாறு மணிநேரம் நிற்போர் இல்லை. கடிதம் எழுதிய கையே சித்திரத்தையும் வரைந்தது. ஆகவே இதற்குக் காரணம் கலைஞரின் இரக்கமின்மை எனல் பொருந்தாது. அவர் கற்ற சித்திர மரபிலே மனிதன் கட்டடத்தின் அளவுகோலாக நின்றானேயன்றி, அதன் உயிராக இடம்பெறவில்லை. எழுத்து மரபோ அத்தகைய உண்மையை ஏற்கும் ஆற்றலை முன்னரே பெற்றிருந்தது. கோடு நின்ற இடத்திலே எழுத்து தொடர்ந்து சென்றது. ஒருவரது நோக்கின் எல்லையை அவரது தனிமனித குணத்திலே தேடுவதிலும் பார்க்க, அவர் கையாண்ட கலைவடிவத்தின் சமூக வரலாற்றிலே தேடுவதே முறையாகும்.

ஆயினும் இதனோடு அமைந்துவிடின், கலைஞனை அவனது வர்க்கத்தின் வெறும் எதிரொலியாகக் காணும் கொச்சைப் பார்வைக்கு நாமும் இடங்கொடுத்தவராவோம். அச்சந்தரும் பிண்டமென்று தாமே கூறியதொன்றை ஷிங்கெல் வரையாது விட்டிருக்கலாம். அழகிய பொருள்களைத் தேடிச் சென்ற பயணிகள் பெரும்பாலோர் அவ்வாறே செய்தனர். அவரோ நின்று வரைந்தார். சாளர அடுக்குகளின் ஒழுங்கிலே, அணியின்றியே நிற்கவல்ல ஒரு புதிய வடிவ நியதியை அவரது கோடு கண்டுகொண்டது. வெறுத்த பொருளிலும் எதிர்காலத்தின் கூறொன்றை இனங்காணும் இவ்வாற்றலே சிறந்த கலைஞரைச் சாதாரணரிலிருந்து வேறுபடுத்துவதாகும்.

5

இதன் பயன் பத்தாண்டுகளுக்குள்ளே வெளிப்பட்டது. 1827 இலே பேர்லினின் பெருந்தெருவொன்றிலே அமைப்பதற்கென விரிந்த கண்ணாடிச் சாளரங்களையுடைய வணிக மாளிகையொன்றை அவர் திட்டமிட்டார், அது கட்டப்படவில்லை. ஆனால் 1832 முதல் 1836 வரை எழுந்த பௌஅக்கடமி என்னும் கட்டடக்கலைப் பள்ளி அவரது சிந்தனையை முழுமையாக நிறைவேற்றியது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 46 மீற்றர் நீளமான சதுரக் கட்டடம். பக்கத்துக்கு எட்டாக ஒரே சீரான சாளர வரிசைகள். தீப்பிடிக்காதவாறு செங்கல் வளைவுகளாலும் இரும்பு இணைப்புகளாலும் அமைந்த உட்கூடு. பூச்சின்றி வெளித்தெரியும் செங்கற் சுவர். கீழ்த்தளத்திலே கடைகள், மேலே பள்ளியும் அரச அலுவலகமும், உச்சியிலே ஷிங்கெலின் சொந்த இருப்பிடம். அரண்மனைக்கு அருகே, தூண்வரிசையோ பெருமுகப்போ இன்றி, ஆலையின் நியதியைக் கொண்ட கட்டடமொன்று துணிவுடன் எழுந்து நின்றது.

இக்கட்டடத்தின் செங்கல் மான்செஸ்டரிலிருந்தே வந்தது என்று கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். வட ஜேர்மனிக்கு மத்திய காலச் செங்கல் மரபொன்று இருந்தது. வட இத்தாலியின் செங்கற் கட்டடங்களை அவர் இளமையிலேயே குறித்துக்கொண்டிருந்தார். பேர்லினிலே அவர் எழுப்பிய செங்கல் தேவாலயமொன்றின் வேலை இங்கிலாந்துப் பயணத்துக்கு முன்னரே தொடங்கிவிட்டது. மான்செஸ்டர் வழங்கியது செங்கல்லையன்று. தேவையிலிருந்தே ஒழுங்கு பிறக்கலாம் என்ற அறிவை அது வழங்கியது. அவ்வொழுங்குக்கு இத்தாலியின் சுடுமண் அணியையும் ஜேர்மன் கைவினையின் நேர்த்தியையும் சேர்த்து, ஆலையிலே தாம் காணாத கலையை அதற்கு ஊட்ட அவர் முயன்றார். சாளரங்களின் கீழே கட்டடக்கலையின் வளர்ச்சியை உருவகிக்கும் சுடுமண் புடைப்புருவங்கள் பதிக்கப்பட்டன.

இங்கே ஒரு வரலாற்று முரணை நாம் காண்கின்றோம். ஆலையின் வடிவம் ஆலையிலிருந்து பிரிக்கப்பட்டு, தூய்மையாக்கப்பட்டு, அரசின் கல்விக்கூடமாயிற்று. அதனுடன் கடிதத்திலே இருந்த பன்னீராயிரம் பேர் வரவில்லை. வடிவம் பயணஞ் செய்யும். அதனைப் பிறப்பித்த உழைப்பின் துயரம் பயணஞ் செய்வதில்லை. பிற்கால நவீன கட்டடக்கலையின் முன்னோடியென ஷிங்கெலைப் போற்றுவோர் பௌஅக்கடமியையும் அன்கோட்ஸ் சித்திரத்தையும் அருகருகே அச்சிடுவர். அவற்றுடன் அக்கடிதத்தையும் சேர்த்து அச்சிடும்போதே அவ்வரலாறு நிறைவு பெறும்.

6

பௌஅக்கடமி நிறைவுற்ற 1836 ஆம் ஆண்டிலேயே, பதினெட்டு வயது மாணவராகக் கார்ல் மார்க்ஸ் பேர்லின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். ஷிங்கெல் இறந்த 1841 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, படைச்சேவையின் பொருட்டு எங்கெல்ஸ் அதே நகருக்கு வந்தார். அடுத்த ஆண்டின் இறுதியிலே அவர் மான்செஸ்டருக்குச் சென்றார். 1845 இலே வெளிவந்த அவரது நூல், ஷிங்கெலின் சித்திரத்திலே வெறும் சாளரங்களாக நின்றவற்றின் உட்புறத்தையும், அவற்றுக்குப் பின்னாலிருந்த குடியிருப்புகளையும் உலகுக்குக் காட்டியது. ஷிங்கெலின் கடிதத்திலே சில வரிகளாக நின்றது அங்கே ஒரு விஞ்ஞானத்தின் தொடக்கமாயிற்று.

பௌஅக்கடமியின் பிற்கால வரலாறு மார்க்சிய நோக்குடையோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளச் செய்வதாகும். 1945 இன் குண்டுவீச்சிலே அது எரிந்தது. கிழக்கு ஜேர்மனியின் அரசு ஐம்பதுகளிலே அதனைப் புதுப்பிக்கத் தொடங்கி, இடையிலே கைவிட்டு, 1962 இலே இடித்தது. அவ்விடத்திலே எழுந்த வெளிநாட்டமைச்சுக் கட்டடத்தை, ஒன்றிணைந்த ஜேர்மனியின் அரசு 1995 இலே இடிக்கத் தொடங்கியது. 2016 இலே அந்நாட்டுப் பாராளுமன்றம் ஷிங்கெலின் கட்டடத்தை மீளக் கட்டுவதற்கு 62 மில்லியன் யூரோவை ஒதுக்கியது. தொழிலாளர் வர்க்கத்தின் பெயரால் ஆண்டதோர் அரசு, தொழிற்சாலையின் வடிவத்தை முதன்முதலாக மதித்துக் கலையாக்கிய கட்டடத்தைப் பழைமையின் எச்சமெனக் கருதி அழித்தது தவறேயாகும். கடந்தகாலப் பண்பாட்டை அதன் முரண்பாடுகளுடன் ஏற்று ஆராய்தல் வேண்டுமென்பதே மார்க்சிய முன்னோடிகள் வகுத்த நெறி. அதே வேளையில், முகப்பை மட்டும் மீளக் கட்டியெழுப்புவது அவ்வரலாற்றை மீட்பதாகாது என்பதும் உண்மையே.

ஆலையும் பள்ளியும் இன்று சித்திரங்களாகவும் நிழற்படங்களாகவும் நம் கைக்கு எட்டுகின்றன. அவற்றைப் பார்க்கும்போது கோட்டின் அழகை நாம் மறுக்க வேண்டியதில்லை. அதனோடு, ஷிங்கெல் தாமே தம் கடிதத்திலே செய்ததைப் போல, அச்சாளரங்களின் உள்ளே நின்றவர் யார், அவர் பெற்ற கூலி எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதே நம் கடன். கட்டடத்தை முழுமையாகப் பார்த்தல் என்பது அதுவேயாகும்.